நூற்றெண்பதில் தொடங்கிய கோடு

வண்டிக்குப் புதிதாக வரப்போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு விஷயம் எழுதி வைத்துவிட்டுப் போ என்று எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். இதெல்லாம் ரிட்டையர் ஆனவர்கள் எழுதுவது. எனக்கு இருபத்தொன்பது வயது. ஆனால் அடுத்த மாதம் மேற்படிப்புக்குக் கோவை போகிறேன். ஆம்புலன்ஸின் பின்கதவை இனி நான் திறக்கப்போவதில்லை. அந்தக் கணக்கில் நானும் ரிட்டையர்தான்; பென்ஷன் மட்டும் கிடையாது.

ஸ்ட்ரெச்சரை எப்படிப் பூட்டுவது, மாஸ்க்கை எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. நான் சொல்லப்போவது ஒரு நேர்கோட்டைப் பற்றி. பத்தாம் வகுப்பில் எல்லோரும் போட்ட கணக்குதான். சமன்பாடு கொடுப்பார்கள், வெட்டுத்துண்டுகளைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். y-க்குப் பூஜ்யம் போட்டால் கோடு x-அச்சை எங்கே வெட்டுகிறது என்று வரும். x-க்குப் பூஜ்யம் போட்டால் y-அச்சை எங்கே வெட்டுகிறது என்று வரும். ரெண்டு வரி, ரெண்டு மார்க். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்திருப்பீர்கள். எனக்கு மறக்க வழியில்லாமல் போனதற்கு ரெண்டு காரணம். ஒன்று, நான் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, வேலை தேடித் தேடி அலுத்து, அவசரச் சிகிச்சைப் படிப்பு படித்து இந்த வண்டியில் ஏறியவள். ரெண்டு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுப்பேன். "ரெண்டு வெட்டுத்துண்டையும் எழுதினாத்தான் முழு மார்க்கு, ஒண்ணோட நிறுத்தாதீங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

எங்கள் டிரைவர் அண்ணன் காரமடைக்காரர். என்னைக் கூப்பிடுவதே "கணக்கு" என்றுதான். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆக்சிஜன் ஓடுகிற நோயாளியோடு மலை இறங்கினால், பஜார், பேக்கரி, செக்போஸ்ட் என்று ஒவ்வொரு அடையாளம் தாண்டும்போதும் கண்ணாடி வழியாகப் பார்த்து, "கணக்கு, முள்ளு எங்கீங்?" என்பார். சிலிண்டர் தலையில் ரெகுலேட்டர் இருக்கிறதல்லவா, அதன் அளவுமானியில் உள்ள முள்ளைத்தான் கேட்கிறார். நாம் சொல்ல வேண்டும். நம் வண்டிச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் முள் 150-ல் நிற்கும். மாஸ்க் வழியாக நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விட்டால், நிமிடத்துக்கு ஒன்று என்று இறங்கும். 150 என்றால் நூற்றைம்பது நிமிடம். மனசில் போட்டுக்கொள்ளச் சுலபமான கணக்கு. அதனாலேயே யாரும் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

அன்றைக்கு மழை. பாக்கியம் அக்கா எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். ஐம்பது தாண்டியவர். காய்ச்சலையும் இருமலையும் கஷாயத்திலேயே ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ரெண்டு நுரையீரலிலும் சளி கட்டி, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 84 காட்டியது. மாஸ்க் போட்டுப் பத்து லிட்டர் விட்ட பிறகுதான் 93-க்கு ஏறியது. "இங்க வெச்சுப் பார்க்க முடியாது, கோயமுத்தூர் போயிடுங்க" என்றார் டாக்டர். கூட வந்தவர் அக்காவின் வீட்டுக்காரர் முத்தையா அண்ணன். சிறுபிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். இப்போது ஃபாக்டரியில் வேலை. மாற்றுச் சிலிண்டர் ரீஃபில்லுக்குப் போயிருந்தது. இருக்கும் ஒன்று முழுசாக இருக்கிறது, ரெண்டு மணி நேரப் பயணம், போதும் என்று கிளம்பினோம். கிளம்பும்போது முள் 150. நானே பார்த்தேன்.

கோத்தகிரி பஜாரில் அண்ணன் முள் கேட்கவில்லை. ஹாரன் அடிக்கவே அவருக்குக் கை போதவில்லை. இறக்கம் தொடங்கிய முதல் வளைவுகளில் அக்காவுக்கு வாந்தி. மாஸ்க்கைக் கழற்றி, வாயைத் துடைத்து, மறுபடி மாட்டி, "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எதிரே வந்த வேனுக்காக அண்ணன் பிரேக்கை மிதிக்க, வண்டியில் பூட்டாத எல்லாமே வலப்பக்கம் சரிந்தன. முத்தையா அண்ணன் உட்பட.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றுவிட்டது. பெரிய சில்வர் ஓக் மரம் ஒன்று வேரோடு மண்ணையும் இழுத்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே கிடந்தது. எங்களுக்கு முன்னால் நாலைந்து கார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் லாரி, அதன் பின்னால் டூரிஸ்ட் வேன்கள்.

அண்ணன் இன்ஜினை அணைத்தார். "முள்ளு எங்கீங், கணக்கு?"

"நூறுங்கண்ணா."

சொல்லிவிட்டு மொபைலில் மணி பார்த்தேன். கிளம்பி நாற்பது நிமிடம். அப்படியானால் 110 இருக்க வேண்டும். கண்ணை இடுக்கி மறுபடி பார்த்தேன். நூறுதான்.

அண்ணன் மழையில் இறங்கி ஓடி மரத்தடியில் விசாரித்துவிட்டு வந்தார். "மரம் அறுக்க ஒன்றரை மணி நேரமாச்சும் ஆகுமுங்களாமா. கீழ மேட்டுப்பாளையத்துல இருந்து வேற வண்டி வரச் சொல்லிட்டனுங். மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துருவேங்கறான்."

நான் முள்ளையே பார்த்தேன். நாற்பத்தைந்தாவது நிமிடம். 90.

ஐந்து நிமிடத்தில் பத்து. நிமிடத்துக்கு ரெண்டு! பாதி ஆக்சிஜன் அக்காவுக்குப் போகிறது, மீதி எங்கேயோ போகிறது.

என் கையில் பேனா இல்லை. வண்டியின் பக்க ஜன்னல் கண்ணாடி எங்கள் மூச்சில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. அதில் விரலால் எழுதினேன். நிமிடத்தை x என்று வை, முள்ளை y என்று வை. நிமிடத்துக்கு ரெண்டு இறங்குகிறது. நாற்பதில் நூறு. அப்படியானால்,

2x + y = 180.

y-க்குப் பூஜ்யம் போட்டேன். x = 90. தொண்ணூறாவது நிமிடத்தில் சிலிண்டர் காலி. இப்போது நாற்பத்தைந்து. மிச்சம் நாற்பத்தைந்து நிமிடம். அதுவும் கண்ணாடியில் எழுதிய கணக்குப்படிதான். கடைசிச் சொட்டு வரைக்கும் எந்தச் சிலிண்டரும் ஒழுங்காகத் தராது; முள் பத்தைத் தொடுமுன் மாற்றியாக வேண்டும். கீழிருந்து வரும் வண்டிக்கு ஒரு மணி நேரம்.

"திருப்பிக் கோத்தகிரிக்கே போயிரலாமுங்களா?" என்றார் அண்ணன். அவரே பின்னால் பார்த்துவிட்டு, "இந்த பஸ்சையும் லாரியையும் ரிவர்ஸ் எடுக்க வெக்கறதுக்கே அரை மணி நேரம் ஆகும். அப்பறம் மேல ஏறோணும். ம்ஹூம்" என்று தலையை ஆட்டினார்.

"பத்து லிட்டரை அஞ்சாக் குறைச்சா?"

அக்காவின் விரலைப் பார்த்தேன். பத்துக்கே 92-தான். "தாங்க மாட்டாங்கண்ணா."

முத்தையா அண்ணனுக்கு நாங்கள் பேசியது முழுசாகப் புரியவில்லை. ஆனால் எங்கள் முகம் புரிந்துவிட்டது. "தங்கச்சி, என்னா? காத்து பத்தாதா? சொல்லுங்க தங்கச்சி, மறைக்காதீங்க."

"இருங்கண்ணே, பாத்துட்டிருக்கேன்."

"ரொப்பறவன் ஏமாத்திப்போட்டானுங்க" என்று அண்ணன் ஸ்டியரிங்கை அடித்தார். "குறைச்சு ரொப்பிக் குடுத்திருப்பான். முள்ளு ஒட்டிக்கிட்டு நூத்தம்பது காட்டியிருக்கும். நாம நம்பிட்டோம்."

எங்களுக்கு எல்லாம் முதலில் வருகிற எண்ணம் அதுதான். ரீஃபில் கடைக்காரன்மேல் பழி. நானும் அதையே நினைத்தேன். தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். எனக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. எப்போது தீரும் என்று தெரிந்துவிட்டது. பயந்தவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். நானும் பயந்துதான் போயிருந்தேன். ஆனால் விரல் நிற்கவில்லை. டியூஷனில் கத்திக் கத்திப் பழகிய விரல். ரெண்டாவது வெட்டுத்துண்டையும் தானாக எழுதியது. x-க்குப் பூஜ்யம் போட்டால் y = 180.

180!

"அண்ணா, ரொப்பினவன்மேல தப்பில்ல!" என்று நான் கத்தியதில் அக்கா கண்ணைத் திறந்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். கடைக்காரன் குறைத்து நிரப்பியிருந்தால், கிளம்பிய நேரத்துக்குக் கோட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் 150-க்குக் கீழே போய் முட்டியிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்தே கசிந்துகொண்டிருந்தால் சரியாக 150-ல் முட்டியிருக்கும். இது 180-ல் முட்டுகிறது. இந்தச் சிலிண்டர் 180 பிடிக்கவே பிடிக்காது. அப்படியானால் இந்தக் கோடு ஆஸ்பத்திரியில் தொடங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் தொடங்கியது வேறு கோடு, நிமிடத்துக்கு ஒன்று இறங்குகிற நல்ல கோடு. நடுவழியில் எங்கேயோ ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறோம். எங்கே? நல்ல கோடு 150 − x. கெட்ட கோடு 180 − 2x. ரெண்டும் சந்திப்பது முப்பதாவது நிமிடத்தில்.

முப்பதாவது நிமிடம் என்றால் வாந்தி, வேன், பிரேக்.

"அண்ணே" என்றேன் முத்தையா அண்ணனிடம். "அந்த வளைவுல பிரேக் போட்டாங்கல்ல, நீங்க சாஞ்சீங்கல்ல, அப்ப எதைப் புடிச்சீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு மெதுவாக ரெகுலேட்டரைக் காட்டினார். "இந்தப் பித்தளையத்தான் தங்கச்சி. வேற என்னத்தப் புடிக்கிறது? அப்பறம் ஒவ்வொரு வளைவுக்கும் அதத்தான் புடிச்சுக்கிட்டு வந்தேன்."

நம் வண்டிகளில் நோயாளிக்கு பெல்ட் உண்டு, நமக்குக் கம்பி உண்டு. கூட வருபவருக்கு ஒரு பெஞ்சு மட்டும்தான். சமவெளியில் அது போதும். கொண்டை ஊசி வளைவில் மனுஷன் கைக்கு எது அகப்படுகிறதோ அதைப் பிடிப்பான். பெஞ்சுக்கு நேர் எதிரே, நெஞ்சு உயரத்தில், கைப்பிடி மாதிரி துருத்திக்கொண்டு நிற்பது ரெகுலேட்டர் ஒன்றுதான்.

புறங்கையை மழையில் நீட்டி நனைத்து, ரெகுலேட்டர் சிலிண்டரோடு சேரும் நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஊசி குத்தியதுபோல் ஒரு குளிர்ந்த காற்று. கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் அந்தச் சீறல் யார் காதுக்கும் எட்டவில்லை.

"நான்தானா?" என்றார் முத்தையா அண்ணன். "நானே என் பொஞ்சாதி காத்தத் தொறந்து வுட்டுட்டேனா?"

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். இப்ப அக்கா கையைப் புடிங்க. பித்தளைய வேணாம், அக்கா கையை."

டிரைவர் அண்ணன் ஸ்பேனரோடு பின்கதவைத் திறந்தார். அவர் கையில் கருப்பாக கிரீஸ். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இதைப் பயிற்சியில் சொல்வார்கள். ஆனால் பதற்றத்தில் முதலில் மறப்பது இதைத்தான்.

"அண்ணா, கை!"

"அட ஆமாங்!" ஸ்பேனரும் அப்படித்தான் இருந்தது. அதைச் சோப்புத் தண்ணியில் தேய்த்து, உலர்ந்த பஞ்சால் அழுத்தித் துடைத்தேன். என் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்திக்கொண்டேன். நேரம் ஓடுகிறது என்று தெரிந்தேதான் துடைத்தேன்.

அடுத்தது இன்னும் கஷ்டம். காற்று அழுத்தம் இருக்கும்போது அந்த நட்டைத் தொடக் கூடாது. முதலில் சிலிண்டரை மூட வேண்டும். மூடினால் அக்காவுக்கு வருவது வெறும் காற்று. வெறும் காற்றில் அவருக்கு 84 என்று காலையில் பார்த்தோம். மூடாமல் அப்படியே முறுக்கிவிடலாமே என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றும். உங்களுக்கும் தோன்றும். செய்யாதீர்கள். நட்டு பிய்த்துக்கொண்டால் அந்தச் சின்ன அறையில் நாலு பேர் இருக்கிறோம்.

அக்காவின் காதருகே குனிந்தேன். "அக்கா, ஒரே ஒரு நிமிசம் காத்த நிறுத்தப் போறேன். மூச்சு இழுக்கும். பயப்படாதீங்க. நிமிந்து உக்காந்து மெதுவா இழுத்து விடுங்க. அண்ணன் கையைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க."

அக்கா மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"அவரு கை நடுங்குது புள்ள. அவரப் புடிச்சுக்கச் சொல்லு."

சிலிண்டரை மூடினேன். முள் அப்போது 78. ரெகுலேட்டரில் மிச்சமிருந்த காற்றை வெளியே விட்டேன். நட்டைத் தளர்த்திப் பார்த்தால் வாஷர் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. சரியாக உட்கார வைத்தேன். கையால் முறுக்கினேன், பிறகு ஸ்பேனரால். பின்னால் டிரைவர் அண்ணன் அக்காவின் விரலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த முறை அவர் கேட்கவில்லை, அவரே சொன்னார். "தொண்ணூறுங்... எம்பத்தெட்டுங்... எம்பத்தாறுங்... கணக்கு..."

மெதுவாகத் திறந்தேன். முள் 78-க்கு ஏறி நின்றது. ஈரப் புறங்கையை நட்டருகே வைத்தேன். ஒன்றுமில்லை. மாஸ்க்கில் காற்று நிரம்பியது. 87. 90. 92.

முத்தையா அண்ணன் அக்காவின் கையை விடாமல் அழுதுகொண்டிருந்தார். டிரைவர் அண்ணன் மழையில் நின்றபடி, "ஏனுங், கொஞ்சம் நகருங், உள்ள நனையுது" என்று சொல்லிவிட்டுத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். சரி என்றேன்.

ஐந்து நிமிடம் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு முன் எதையும் நம்பக் கூடாது. ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் 78. ஐம்பத்தேழில் 73. நிமிடத்துக்கு ஒன்று! பழைய வரிக்குக் கீழே கண்ணாடியில் புது வரி எழுதினேன்.

x + y = 130.

இந்த முறையும் ரெண்டையும் போட்டேன். y-க்குப் பூஜ்யம் போட்டால் நூற்றுமுப்பதாவது நிமிடம் வரைக்கும் ஆக்சிஜன். x-க்குப் பூஜ்யம் போட்டால் 130. நிரம்பிய சிலிண்டரின் 150-க்கு இருபது குறைவு. அந்த இருபதுதான் வளைவிலிருந்து கசிந்து காற்றோடு போனது. விடை சரி என்று கணக்கே வந்து தட்டிக் கொடுத்ததுபோல இருந்தது. அக்காவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கீழிருந்து வண்டி வந்தபோது கிளம்பி நூறு நிமிடம் ஆகியிருந்தது. முள் முப்பதில் நின்றது. பழைய கோட்டிலேயே இருந்திருந்தால் அப்போது சிலிண்டர் காலியாகிப் பத்து நிமிடம். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து ஸ்ட்ரெச்சரைக் கைமாற்றிக் கைமாற்றி மரத்தைச் சுற்றிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் சேர்த்தார்கள். முத்தையா அண்ணன் புது வண்டியில் ஏறியதும் முதலில் கேட்ட கேள்வி, "இதுல நான் எதத் தொடக் கூடாது?"

மறுநாள் டிரைவர் அண்ணன் பஸ் கூரையில் தொங்குமே, அந்த மாதிரி ரெண்டு வார்க் கைப்பிடி வாங்கி வந்து பெஞ்சுக்கு மேலே மாட்டிவிட்டார். இப்போது நீங்கள் ஏறப்போகும் வண்டியில் அது இருக்கிறது. கூட வருபவரை ஏற்றியதும் முதல் வேலை, அவர் கையை அதில் வைத்துவிட வேண்டும். பேச்சு, விசாரணை எல்லாம் பிறகு. முள்ளைப் பார்க்கும்போது ரெண்டு தடவை பாருங்கள், நடுவில் ஐந்து நிமிடம் விட்டு. எப்போது தீரும் என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் அங்கேயே உறைந்துவிடாமல், பின்னாலும் இழுத்துக்கொண்டு போய் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். தீரும் நேரம் உங்களைப் பயமுறுத்த மட்டும்தான் செய்யும். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குக் காட்டியது அந்த நூற்றெண்பதுதான்.

பாக்கியம் அக்காவைக் குணமானதும் கோயமுத்தூரிலிருந்து அழைத்து வந்ததும் நாங்கள்தான். உட்கார்ந்தே வந்தார். மாஸ்க் இல்லை, குழாய் இல்லை. முத்தையா அண்ணன் வார்க் கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிலிண்டர் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"வூட்டுலகூட இப்பிடித்தானாம் புள்ள" என்றார் அக்கா. "மக போன்ல சொல்றா. கேஸ் சிலிண்டரத் தொடவே மாட்டேங்கிறாராம். டீ வெக்கக்கூடப் பக்கத்து லயத்துலருந்து ஆளக் கூட்டியாராராம்."

"நீ சும்மா கெட" என்றார் முத்தையா அண்ணன், திரும்பாமலே.

மேலே ஏற ஏறக் குளிர் கூடியது. பக்க ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்தது. விரல் பட்ட இடம் மட்டும் தெளிவாக நின்று, அழிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மேலே 2x + y = 180. கீழே x + y = 130.

"இது என்னா புள்ள?"

"அன்னைக்கு நீங்க படுத்திருந்தப்போ போட்ட கணக்குக்கா."

அக்கா உற்றுப் பார்த்தார். "இதுல நான் எங்கன இருக்கேன்?"

"மேல இருக்கிறதுல வந்துட்டிருந்தீங்க. பாதியில கீழ இருக்கிறதுக்கு மாறிட்டீங்க."

"பஸ்சு மாறுற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

மரம் விழுந்த இடத்தைத் தாண்டினோம். அறுத்த துண்டுகள் ரோட்டோரம் அடுக்கிக் கிடந்தன. டிரைவர் அண்ணன் பழக்க தோஷத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"கணக்கு, முள்ளு எங்கீங்?"

"சிலிண்டர் மூடியிருக்குங்கண்ணா" என்றேன். "இங்க யாருக்கும் வேணாம்."